அடுத்த கப்பல் நோட்டு

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். கப்பல் டிக்கெட் கைக்கு வந்த பிறகும் தேதியை இரண்டு முறை படிப்பேன். போர்ட் பிளேர் ஷாதிபூரில் எங்கள் தெருவில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். அப்படிப்பட்ட நான் ஒருத்தியிடம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அதனால் போனது இரண்டு அலமாரித் தமிழ்ப் புத்தகங்கள். போய்விட்டன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது.

போர்ட் பிளேரில் நான் வேலை பார்க்கும் நூலகத்தில் இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. தமிழுக்கு ஜன்னலோரம் இரண்டு இரும்பு அலமாரிகள் இருந்தன. மழைக் காலத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்களைத் தினமும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு அலமாரிகளும் என் பொறுப்பு. வீட்டில் பீரோவைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை என்று என் கணவர் குத்திக் காட்டுவார். அது உண்மைதான்.

ஊருக்குள் இருக்கும் தமிழர்கள் அதிகம் வரமாட்டார்கள். அவர்களுக்கு டிவி இருக்கிறது, சங்கம் இருக்கிறது, சங்கத்துக்குள் சண்டை இருக்கிறது. எங்கள் வாசகர்கள் வெளித் தீவுகளில் இருந்தார்கள். ஹட் பேயில் ரோடு வேலை பார்க்கும் மேஸ்திரி, கார் நிக்கோபாரில் ஒரு கணக்கு வாத்தியார், கப்பலில் எஞ்சின் அறையில் இருப்பவர், கேம்பல் பே ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். ஏதாவது வேலையாக போர்ட் பிளேர் வருவார்கள். திரும்பிப் போகிற அன்று ஒரு கையில் காய்கறிப் பையும் இன்னொரு கையில் குடையுமாக நூலகத்துக்குள் ஓடி வந்து, நான்கு புத்தகம் வாங்கிக்கொண்டு கப்பல் ஜெட்டிக்கு ஓடுவார்கள். அங்கே சாயங்காலம் ஆனால் செய்வதற்கு ஒன்றும் இல்லை, பேசுவதற்கு ஆள்கூட இல்லை என்று அந்த நர்ஸ் ஒருமுறை சொன்னார். நான்கு புத்தகத்தையும் இரண்டு இரண்டு தடவை படிப்பாராம்.

பதினான்கு நாளில் புத்தகத்தைத் திருப்ப வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர் மெயின்லேண்டில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். இங்கே புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கப்பல் நிற்கும். எச்சரிக்கை இல்லாத நாளிலும் ஏதோ பழுது என்று நிற்கும். டிக்கெட் கிடைக்காமலும் போகும். அதனால் என் நோட்டில் ‘திருப்ப வேண்டிய தேதி’ என்ற கட்டத்தில் வெளித் தீவுக்காரர்களுக்கு நான் தேதி போடுவதில்லை. ‘அடுத்த கப்பல்’ என்று எழுதுவேன். முன்பிருந்த அதிகாரிகள் எல்லோரும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். புத்தகங்கள் உப்புக் காற்றில் ஊறி, ஓரம் சுருண்டு, ஒருமுறை தேங்காய் எண்ணெய் வாசனையோடுகூட வந்திருக்கின்றன. ஆனால் வராமல் இருந்ததில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு மழைக் காலம் முழுக்க எல்லோரும் உட்கார்ந்து புத்தகங்களுக்குக் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டினோம். தமிழ்ப் புத்தகங்களுக்கு நானும், முதலில் சொன்னேனே, அந்த ஒருத்தியும் ஒட்டினோம். அவள் எங்களிடம் காண்ட்ராக்டில் இருந்தாள். அக்கரையில் பம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் ஃபெர்ரி பிடித்து சாத்தம் ஜெட்டியில் இறங்கி வருவாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அவள் கொண்டுவரும் சூரை மீன் குழம்புக்காகவே நான் வெறும் சோறு மட்டும் கட்டிக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. எனக்கு டைபாய்டு வந்தபோது ஒரு வாரம் என் வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துவிட்டுப் போனாள். கூடப் பிறந்தவள் செய்யமாட்டாள். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

கம்ப்யூட்டர் பயிற்சிக்கு எங்கள் எல்லோரையும்தான் அனுப்பினார்கள். அவளுக்குத்தான் ஏறியது. எனக்கு ஏறவில்லை. ஸ்டிக்கரைப் படிக்கும் கருவி துப்பாக்கி மாதிரி இருக்கும். அதை நான் திருப்பிப் பிடித்து என் மூஞ்சியிலேயே சிவப்பு வெளிச்சம் அடித்துக்கொண்டேன். அவள் சிரித்துச் சிரித்து மேஜை மேல் சாய்ந்துவிட்டாள். முதல் வாரத்திலேயே ஏதோ பட்டனைத் தட்டி, ஒரு வங்காளிப் பெரியவரின் கணக்கை மூடிவிட்டேன். அவர் கவுண்டரில் நின்று அரை மணி நேரம் கத்தினார். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி என்றாலே பயம். வெளியே அலட்சியம் மாதிரி காட்டிக்கொண்டேன், உள்ளே பயம்தான்.

அந்தப் பெட்டியிடம் ‘அடுத்த கப்பல்’ என்று சொன்னால் புரியாது. அதற்குத் தேதிதான் வேண்டும். பதினைந்தாம் நாள் காலையில் தானாகவே கார்டைப் பூட்டிவிடும், அதிகாரியின் பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். முதலில் மாட்டியது அந்த நர்ஸ்தான். மூன்று கப்பல் ரத்தாகி, ஒரு மாதம் கழித்து வந்தார். அதிகாரி லீவில் இருந்தார். கார்டு பூட்டியிருக்கிறது என்று திரை சொன்னது. வெறுங்கையோடு அவர் படியிறங்கிப் போனதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில், இந்தப் பெட்டியைத் தூக்கி மின்னி பே கடலில் போடுங்கள் என்று கத்தினேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவள்தான் வழி சொன்னாள்.

“அக்கா, நீங்க பழையபடி நோட்டுலயே எழுதுங்க. புக் திரும்பி வந்த அன்னிக்கு, குடுத்தது வாங்கினது ரெண்டையும் நான் சேர்த்து ஏத்திடறேன். கார்டு லாக் ஆகாது, கணக்கும் சரியா இருக்கும். டென்ஷனே வேணாம்.”

“மாட்டிக்க மாட்டோமே?”

“நான் இருக்கேன்ல? சும்மா சாப்பிடுங்க.”

எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது. வெளித் தீவுக்காரர்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் தமிழ் அலமாரி முழுக்க நோட்டுக்கே வந்துவிட்டது. உள்ளூர்க்காரர் வந்தாலும் நோட்டில்தான் எழுதினேன். அது என் சோம்பல், என் பயம். அதற்கு அவள் பொறுப்பில்லை.

முதல் சில மாதங்கள் சாயங்காலம் நோட்டை வைத்துக்கொண்டு உட்காருவாள். ஏற்றிய வரிக்குச் சிவப்பு மையில் டிக் போடுவாள். பிறகு நோட்டைக் கேட்பது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. “எல்லாம் ஏத்தியாச்சாடி?” என்று கேட்டால், “ஆச்சுக்கா” என்பாள். செவுளைத் தூக்கிப் பார்க்கும் நான் நோட்டைத் திருப்பி டிக் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தவளிடம் போய் யாராவது ரசீது கேட்பார்களா? மாதத்துக்கு ஒரு தடவை அச்சடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு இடத்தில் விரலை வைத்து, “இங்க ஒரு சைன் போடுங்கக்கா” என்பாள். எல்லோருமே அவரவர் பிரிவுக்குப் போடுகிற கையெழுத்துதான். போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

இப்படி மூன்று வருஷம் போனது.

மெயின்லேண்டிலிருந்து ஒரு புது அதிகாரி வந்தார். மோசமான மனிதர் இல்லை. காலை பத்து மணிக்கு முன்னால் வந்துவிடுவார், பியூனிடம்கூட ‘ஆப்’ என்று இந்தியில் மரியாதை போட்டுத்தான் பேசுவார். ஜன்னலோரம் டிஜிட்டல் மூலை வைக்கப்போகிறோம், டேப்லெட் வருகிறது, அதற்கு இடம் வேண்டும் என்றார். யாரும் எடுக்காத புத்தகங்களை நீக்கிவிட்டு அந்த இடத்தைக் கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. எங்களை எல்லாம் கூட்டி, சுவரில் படம் காட்டினார். மொழிவாரியாக எவ்வளவு புத்தகம் வெளியே போகிறது என்று கலர் கலராகக் கட்டம் போட்டிருந்தது. இந்தி உயரமாக நின்றது. வங்காளமும் தெலுங்கும் பக்கத்தில் நின்றன. தமிழ் என்று கீழே பெயர் மட்டும் இருந்தது. மேலே ஒன்றுமே இல்லை.

நான் சிரித்துவிட்டேன். பெட்டி தப்பாகக் காட்டுகிறது, இப்போது இவள் எழுந்து சொல்லிவிடுவாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் ப்ரொஜெக்டர் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நன்றாகத்தான் மாட்டியிருந்த ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

மறுநாள் காலை என் மேஜை டிராயரிலிருந்து அந்த மூன்று வருஷத்துப் பதினோரு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கங்களைப் புரட்டினார், வரிசை வரிசையாக இருந்த பெயர்களைப் பார்த்தார். இந்த இரண்டு சொல் மட்டும் எல்லாப் பக்கத்திலும் வருகிறதே, இது என்ன என்று விரல் வைத்துக் கேட்டார்.

“அக்லா ஜஹாஸ், சார்” என்றேன். அடுத்த கப்பல்.

அவர் புன்னகைத்தார். கப்பல் டிக்கெட்டுக்கு அவரும் அலைந்திருக்கிறார், புரிந்தது. இதில் பாதி இருந்தால்கூட அலமாரியை எடுக்கவே வேண்டாமே, ஏன் கம்ப்யூட்டரில் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். அவளைக் கூப்பிட்டார்.

“இந்த நோட்டுகளைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?” என்று இந்தியில் கேட்டார்.

அவள் நோட்டுகளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. “மாலூம் நஹீ, சார்” என்றாள். தெரியாதாம்.

நானும் அவளும் எங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டதே கிடையாது. அதிகாரியிடம் இந்தியில் பதில் சொல்வது சாதாரணம்தான், நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அவள் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையைக் கேட்டபோது, யாரோ முன்பின் தெரியாதவள் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. முதல் நோட்டை எடுத்துத் திறந்து அவளுடைய சிவப்பு டிக்குகளைக் காட்டினேன். ஆரம்பத்தில் கொஞ்ச நாள் உதவிக்குப் போட்டேன், அப்புறம் தானே கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வதாக மேடம் சொன்னார்கள் என்றாள். மேடம் என்றால் நான்.

“பொய் சொல்லாதடி” என்று தமிழில் சொன்னேன்.

அதிகாரி ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். மாதாந்திர அறிக்கைகள். ஒவ்வொரு தாளிலும் மொழிகளின் பெயர், எதிரில் எண். தமிழுக்கு எதிரில் முதல் சில மாதம் ஏதோ எண்கள் இருந்தன. அதன் பிறகு பூஜ்யம். அடுத்த தாளிலும் பூஜ்யம். சரிபார்த்தேன் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்த வரிக்குப் பக்கத்தில், வால் நீட்டி வளைத்த என் கையெழுத்து. நான் பெருமையாகப் போடும் கையெழுத்து அது.

“யே ஆப்கா சைன் ஹை?”

என்னுடையதுதான் என்றேன். அதற்குமேல் அவர் என்ன செய்வார்? ஒரு பக்கம் விதிக்கு விரோதமாக எழுதிய நோட்டு, இன்னொரு பக்கம் நானே ஒப்புக்கொண்ட அறிக்கை. மாதக் கடைசி வரை நேரம் தருகிறேன், வாசகர்கள் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். அதுவே அதிகம்.

மாடிப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்டி ஏத்தல?”

“எப்படிக்கா ஏத்துவேன்? எல்லா மொழியும் நான் ஒருத்திதான் பாக்கறேன். எண்ட்ரி பாக்கி இருக்குன்னு தெரிஞ்சா முதல்ல என்னைத்தான் அனுப்புவாங்க. சொல்லிடலாம், சொல்லிடலாம்னு ஒவ்வொரு மாசமும் நெனச்சேன். தள்ளிப் போச்சு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் உக்காந்து கத்துக்கிட்டாவது போட்டிருப்பேனே.”

“நீங்க பர்மனென்ட்டுக்கா. மிஞ்சிப்போனா ஒரு மெமோ குடுப்பாங்க. எனக்கு அப்படியா?”

“தினமும் என்கூட உக்காந்து சாப்ட்டியேடி.”

அவள் அழுதாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று என் கணவர் பிறகு சொன்னார், என் பெண்ணும் போனில் அதையேதான் சொன்னாள். இருக்கலாம். எனக்கு இரக்கம் வரவில்லை. ஏற்றாமல் விட்டதைக்கூட மன்னித்திருப்பேன். ஒவ்வொரு மாதமும் அந்தப் பூஜ்யத்தை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் விரலை வைத்து, என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறாள். அந்த விரலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த மாதம் முழுக்கக் கடல் சரியில்லை. நோட்டில் இருந்த போன் நம்பர்களுக்கு அடித்தேன், பாதி கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் கப்பல் இல்லையே என்றார்கள். ஹட் பே மேஸ்திரியும், கப்பலில் வேலை பார்ப்பவரும் மட்டும் வந்து எழுதிக் கொடுத்தார்கள். தமிழ்ச் சங்கத்துக்காரர்களிடம் போய்ச் சொன்னேன். நாலு பேர் வந்தார்கள். அலமாரிக்கு முன்னால் நின்று ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், மேலிடத்தில் பேசுவதாகச் சொன்னார்கள், பிடித்த புத்தகத்தைத் தலைகீழாகச் செருகிவிட்டுப் போனார்கள். அதோடு சரி.

புத்தகங்களை நீக்கும் வேலை என்னிடமே வந்தது. என் பிரிவு, நான்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, ஸ்டிக்கருக்கு நேராகக் கருவியைப் பிடித்து, பட்டனை அழுத்தி, பீப் என்று கேட்டதும் அட்டைப் பெட்டியில் போட வேண்டும். வாசகர்கள் கையில் இருந்த புத்தகங்களை, எண்ணை மட்டும் தட்டி நீக்கினேன். இரண்டாவது நாளே கை பழகிவிட்டது. இவ்வளவுதானா இது என்று அழுகையாக வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வந்திருக்கும். பழைய அட்டைப் பெட்டிகளில் கட்டி, லாரியில் ஏற்றி, கோடவுனுக்கு அனுப்பினோம். அங்கிருந்து எங்கே போனது என்று கேட்கவில்லை. அந்தக் கோடவுனின் கூரை எப்படி ஒழுகும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஜன்னலோரம் வெள்ளை மேஜைகள், டேப்லெட்டுகள், ஏ.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள், கூட்டம் இருக்கிறது. வயிற்றெரிச்சலில் அதைக் குறை சொல்லமாட்டேன். தமிழும் அதற்குள் இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம், ஆனால் அதைக் கேம்பல் பேக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. அவளுக்குக் காண்ட்ராக்ட் நீட்டித்தார்கள், கம்ப்யூட்டர் பொறுப்பும் கொடுத்தார்கள். எனக்கு மெமோ வந்தது. மத்தியானம் ஆனால், “அக்கா, சாப்பிட வாங்க” என்று இன்றும் கூப்பிடுகிறாள். நான் என் மேஜையிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

கடல் அடங்கியதும் அந்த நர்ஸ் வந்தார். பாலித்தீன் பைக்குள் பை போட்டு, நான்கு புத்தகங்களை ஈரம் படாமல் கொண்டுவந்திருந்தார். வழக்கம்போல நேராக ஜன்னல் பக்கம் நடந்தவர், டேப்லெட்டுகளைப் பார்த்துவிட்டு நின்றார். அலமாரியை வேறு அறைக்கு மாற்றிவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

“எங்கக்கா மாத்தினீங்க?” என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கவுண்டரிலிருந்து அவள் புத்தகத்தைக் கை நீட்டி வாங்கி, கருவியைக் காட்டிப் பார்த்தாள்.

“இது இப்ப நம்ம லிஸ்ட்ல இல்ல சிஸ்டர். தமிழ் செக்‌ஷனுக்கு ஆளே வரலன்னு எடுத்துட்டாங்க.”

“ஆள் வரலையா?” என்றார் நர்ஸ். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, குழப்பம்தான். “நான் வந்துட்டுதானே இருந்தேன்?”

அவள் திரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நர்ஸ் என் பக்கம் திரும்பினார்.

“ஒவ்வொரு தடவையும் என் பேரை நீங்க எழுதினீங்களேக்கா. அதை அவங்ககிட்ட காட்டலையா?”

இவளைக் கேளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் பொய்யும் ஆகாது. ஆனால் அந்த அறிக்கைத் தாள்களில் அவள் பெயர் எங்கேயும் இல்லை.

“காட்டினேன் சிஸ்டர்” என்றேன். “ஆனா யாருமே வரலன்னு மாசாமாசம் நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். படிக்காம போட்டுட்டேன்.”

அவர் என்னையே பார்த்தார். அதிகாரியின் அறையில் நான் அவளைப் பார்த்தது இப்படித்தான்.